சாமியின் குறட்டை

என் கணவரின் குறட்டையைப் பற்றி எழுதுகிறேன் என்றால் அவருக்குப் பிடிக்காது. ஆனால் அந்தக் குறட்டையோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான். அவர் அதை ஒரு நாள்கூடக் காதால் கேட்டதில்லை. அதனால் அதைப் பற்றிப் பேசுகிற உரிமை எனக்குத்தான் இருக்கிறது.

எங்கள் வீடு தென்காசியில். சாரல் சீசன் வந்துவிட்டால் சொந்தக்காரர்களுக்கு எங்கள் வீடுதான் லாட்ஜ். குற்றாலத்தில் குளித்துவிட்டு, பரோட்டா சாப்பிட்டுவிட்டு, எங்கள் ஹாலில் வரிசையாகப் பாய் விரிப்பார்கள். முதல் ராத்திரி முடிவதற்குள் பாதிப் பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போயிருப்பார்கள், தூறல் விழுந்தாலும் பரவாயில்லை என்று. ஆனாலும் காலையில் காபி குடிக்கும்போது யாரும் குறை சொல்ல மாட்டார்கள். "அண்ணாச்சி என்னமா உறங்குதாக! குடுத்து வச்சவுக" என்பார்கள். படுத்ததும் தூங்குகிறவன் பாக்கியசாலி, குறட்டை பலமாக இருந்தால் தூக்கமும் பலமாக இருக்கிறது என்று அர்த்தம். நானும் கல்யாணமான புதிதில் அப்படித்தான் நினைத்தேன். பட்டாளத்தில் இருந்து லீவில் வருகிற மனுஷன், அலுப்பில் தூங்குகிறார் என்று விட்டுவிட்டேன்.

அவர் பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்து, இலஞ்சியில் இருக்கும் வயலைப் பார்க்க ஆரம்பித்த பிறகு கழுத்து தடித்தது. வயிறு வந்தது. குறட்டையும் மாறியது. சத்தம் எனக்குப் பிரச்சினையே இல்லை, மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். எனக்குப் பயம் சத்தம் நிற்கும்போதுதான். குறட்டை ஏறிக்கொண்டே போகும், சட்டென்று அறுந்துவிடும். வயிறும் நெஞ்சும் மாறி மாறி இழுத்துக்கொண்டிருக்கும். ஆனால் மூக்குக்கு முன்னால் விரலை வைத்தால் காற்று இருக்காது. நான் மனசுக்குள் சாமி பேரெல்லாம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பிறகு தண்ணீருக்கு அடியிலிருந்து தலையைத் தூக்குகிறவர் மாதிரி ஒரு பெரிய இழுப்பு வரும். உடம்பு ஒரு குலுங்கு குலுங்கும். மறுபடி குறட்டை தொடங்கும்.

தோளைப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைப்பேன். கொஞ்ச நேரத்தில் மல்லாந்துவிடுவார். முதுகுக்குப் பின்னால் தலையணையை அடை கொடுத்துப் பார்த்தேன், அதையும் நசுக்கிக்கொண்டு மல்லாந்தார். தாடையை உள்ளங்கையால் மேலே தூக்கிப் பிடித்தால் மூச்சு ஒழுங்காக வருகிறது என்பதை நானாகவேதான் கண்டுபிடித்தேன். எந்த டாக்டரும் சொல்லித் தரவில்லை. ஆனால் ஒருத்தி எவ்வளவு நேரம்தான் ஒருத்தர் தாடையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருக்க முடியும்? நான் இலஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலையில் போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதே நான் எழுதிய எண் எனக்கே புரியாமல் போகும். பிள்ளைகள் சிரிக்கக்கூட மாட்டார்கள், "டீச்சர் பாவம்" என்பது போலப் பார்ப்பார்கள். அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கும்.

பகலில் அவரைப் பார்த்தால் விடிய விடிய தூங்கிய ஆள் என்று யாரும் நம்ப மாட்டார்கள். எழுந்ததும் தலைவலி. வாய் காய்ந்து, நாக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். ராத்திரியில் ஓயாமல் பாத்ரூமுக்குப் போய்வந்திருப்பார். சர்க்கரையாக இருக்குமோ என்று பார்த்தால், அது வாசலில் வந்து நிற்கிறது, இன்னும் உள்ளே வரவில்லை என்றார்கள். பிரஷர் மட்டும் எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. கல்யாணப் பந்தியில் இலை போட்டு, சாதம் விழுவதற்குள் கண் சொக்கிவிடுவார். பேங்கில் டோக்கன் வாங்கிவிட்டுத் தூங்கி, அவர் நம்பர் போனது தெரியாமல் மத்தியானம் திரும்பி வருவார். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வரும். தண்ணீர் மோட்டாரைப் போட்டேனா, இல்லையா என்று என்னிடம் கேட்பார். நான் சொன்னால் அதற்கும் கோபம்.

இதற்கெல்லாம் எங்கள் பக்கத்து வைத்தியம் ஒன்று உண்டு. எந்த அசதியாக இருந்தாலும் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றால் போய்விடும். அவரும் ஐந்தருவியில் போய் நிற்பார். தண்ணீர் பிடரியில் இடிக்கும்போது நன்றாகத்தான் இருக்கும். குளித்துவிட்டு வந்து, ஈரத் துண்டோடு படிக்கட்டில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று பகலில் தூங்கக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வேறு உண்டல்லவா? மறுநாள் தலை கனத்தால், நேற்றுத் தூங்கினீர்களே, அதனால்தான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிடுவார்கள். இப்படியே வருஷங்கள் போயின.

ஒரு நாள் பண்பொழியில் மலைக்கோயிலுக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். நல்ல வெயில். ரோட்டில் ஆளே இல்லை. நான் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தேன், அவர் "ம்" கொட்டிக்கொண்டு வந்தார். "ம்" நின்றது. திரும்பிப் பார்ப்பதற்குள் கார் ரோட்டை விட்டு இறங்கி, வரப்பில் ஏறி, நாற்று நட்ட வயலுக்குள் மூக்கைக் குத்தி நின்றது. ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சேற்றில் இறங்கி நின்றது எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அவர் சொன்னது, "நாய் குறுக்க வந்துட்டு" என்று. நாயும் இல்லை, பூனையும் இல்லை.

அடுத்த வாரமே திருநெல்வேலியில் ஒரு நெஞ்சு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மா அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை, என் பக்கம் திரும்பித்தான் கேட்டார். ராத்திரி நீங்கள் என்ன பார்க்கிறீர்கள், சொல்லுங்கள் என்றார். அத்தனை வருஷத்தில் அப்படி என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். தாடையைத் தூக்கிப் பிடிப்பது வரை எல்லாவற்றையும் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷர் அந்தச் சமயத்திலும் கண்ணசந்துதான் இருந்தார்.

உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்தார்கள். தூக்கத்தில் மூச்சு நிற்கிற வியாதி என்றார்கள். டாக்டர் சொன்னது எனக்குப் புரிந்தது. தூங்கும்போது எல்லோருக்கும் தொண்டைச் சதை தளரும், சிலருக்கு அது ஒரேயடியாக மடிந்து மூச்சுப் பாதையையே மூடிவிடும். நாக்கும் பின்னால் சரிந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். நெஞ்சு இழுத்துக்கொண்டே இருக்கும், காற்று உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். அப்போது மூளை அலறி எழுந்து, உடம்பை உலுக்கி, தொண்டையைத் திறக்க வைக்கும். திறந்ததும் மறுபடி தூங்கிவிடும். எழுந்தது அவருக்கே தெரியாது. ராத்திரி முழுக்க இதேதான் நடக்கிறது. ஒவ்வொரு தடவையும் இருதயம் ஓடுகிற ஓட்டம் ஓடும், பிரஷர் ஏறும். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒன்று விளங்கியது. நாங்கள் எல்லோரும் கொடுத்து வைத்தவர் என்று சொன்ன அந்த மனுஷர் வருஷக்கணக்காகச் சரியாகத் தூங்கியதே இல்லை.

மெஷின் வந்தது. சின்ன டப்பா, அதிலிருந்து ஒரு குழாய், குழாய் முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற முகமூடி. ஆக்சிஜன் எல்லாம் கிடையாது, நம் வீட்டுக் காற்றைத்தான் அழுத்தி உள்ளே அனுப்புகிறது. அந்தக் காற்று தொண்டையை மூடவிடாமல் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். முதலில் அவர் முறைத்தார். யானைத் தும்பிக்கை என்றார். பிறகு ஒரு நாள் விட்டுக்கொடுத்து மாட்டிக்கொண்டார். காலையில் எழுந்து, "ஏட்டி, தலை வலிக்கல" என்றார், ஏதோ தொலைந்துபோன சாமானைக் கண்டுபிடித்துவிட்டதுபோல. பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை தூங்காமல் படித்தார். பிரஷர் மாத்திரையில் ஒன்றை டாக்டர் குறைத்தார். நானும் தூங்கினேன். அந்த மாதங்களில் நான் தூங்கிய தூக்கம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல தூக்கம். அந்த மெஷினை அவரைவிட எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால்கூடத் தப்பில்லை.

அப்புறம் கார்த்திகை பிறந்தது.

அவர் வருஷா வருஷம் சபரிமலைக்கு மாலை போடுகிறவர். பட்டாளத்தில் லீவு கிடைக்காத வருஷங்களில்கூட அங்கேயே மாலை போட்டுக்கொண்டவர். மாலை விழுந்துவிட்டால் ஒரு மண்டலம் விரதம். கறி மீன் கிடையாது, செருப்பு கிடையாது, விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளியல். மெத்தை, தலையணை கிடையாது, வெறும் தரையில் ஒரு துண்டை விரித்துப் படுக்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி தனித்தனி அறை. நானும் அவரைப் பேர் சொல்வதோ ஏங்க என்பதோ கூடாது, சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். சண்டை போட வேண்டியிருந்தாலும் சாமி என்று கூப்பிட்டுத்தான் போட வேண்டும். அது எவ்வளவு கஷ்டம் என்று போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மாலை போட்ட அன்றைக்கு மெஷினை அதன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, பீரோ மேல் ஏற்றினார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். என்ன செய்யுதீங்க என்று கேட்டேன். விரதம் என்றார். மெஷினுக்கும் விரதத்துக்கும் என்ன என்றேன். தலையணையே ஆகாது என்னும்போது காற்று ஊதிவிடுகிற மெஷின் ஆகுமா என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"அப்ப பிரஷர் மாத்திரையையும் நிறுத்துங்க, சாமி" என்றேன்.

"மாத்திரை மருந்து. இது சொகுசு."

"டாக்டர் எழுதிக் குடுத்ததுதான சாமி இதுவும்?"

"அதப் போட்டா சொகமா உறக்கம் வருதுல்லா? சொகமா வந்தா அது சொகுசுதான்."

அதற்குமேல் அவரோடு பேச முடியாது. மருந்து என்றால் கசக்க வேண்டும். கசக்காமல் நல்லது செய்கிற எதையும் எங்கள் ஆட்கள் மருந்தாக ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அவர் கஷ்டப்படுவதற்காகத்தான் மாலை போடுகிறார், அது எனக்குத் தெரியும். எனக்கும் பக்தி உண்டு. ஆனால் தலையணை இல்லாமல் மல்லாந்து தரையில் படுத்தால் நாக்கு இன்னும் சரியாகப் பின்னால் விழும் என்று அந்த டாக்டர் சொன்னது என் காதிலேயே நின்றது.

அவர் பூஜை அறையை ஒட்டிய ஹாலில் படுத்தார், நான் உள்ளறையில். உண்மையைச் சொன்னால் முதல் ராத்திரி நான் நன்றாகத் தூங்கிவிட்டேன். அவ்வளவு அசதி எனக்கு. அதன் பிறகுதான் வினை. பக்கத்தில் படுத்திருந்தால் கையை நீட்டி உலுக்கலாம். இப்போது நடுவில் ஒரு சுவர். குறட்டை கேட்டால் ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். நின்றால் எழுந்து உட்கார்ந்து, அடுத்த இழுப்பு வருகிறவரை காத்திருப்பேன். சில நாள் நிலைப்படி வரை போய் நின்றுவிட்டுத் திரும்புவேன். தொட்டு எழுப்பினால் விரதத்துக்குப் பங்கம் என்று மறுநாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்தில் ஸ்டாஃப் ரூம் மேஜையில் தலை சாய்த்துத் தூங்கினேன். சக டீச்சர் ஒருத்தி, உங்க வீட்டுக்காரர்தானே விரதம், நீங்க ஏன் இப்படி வாடிப்போனீங்க என்றாள்.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது கார்தான். மலைக்குப் போகும்போது குழு ஒரு வேனில் போகும். அதோடு எங்கள் காரும் போகும். ஓட்டுவது அவர், உள்ளே நாலு சாமிகள். செங்கோட்டை தாண்டிப் புளியரை, அதற்கு மேல் வளைவு வளைவாக மலை ரோடு. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பண்பொழியில் வயல் இருந்தது. அங்கே வயலும் கிடையாது, வரப்பும் கிடையாது. இந்த வருஷம் மட்டும் காரை எடுக்க வேண்டாம், வேனில் போங்கள் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். வண்டியை அய்யப்பன் ஓட்டுவான் என்றார். லைசென்ஸ் உங்க பேர்லதான் இருக்கு சாமி என்றேன். முறைத்துவிட்டுப் போனார்.

இந்த நிலைமையில்தான் எங்கள் வீட்டில் பஜனை வந்தது. ஒவ்வொரு சாமி வீட்டிலும் ஒரு நாள் பஜனை வைத்துச் சாப்பாடு போடுவது வழக்கம். சாயங்காலம் ஹால் நிறைய ஆள். விளக்கு, சாம்பிராணிப் புகை, கஞ்சிரா, கைத்தட்டல். சிவகிரியிலிருந்து என் நாத்தனாரும் வந்திருந்தாள். அவர் விளக்குக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு ஏற ஏற அவருடைய கண் சொக்கியது. தலை பின்னால் சாய்ந்து சுவரில் முட்டியது. வாய் லேசாகத் திறந்தது. மூச்சு நின்றதை நான் அடுக்களை வாசலிலிருந்து பார்த்தேன். கையில் சுண்டல் சட்டி, கூட்டத்தைத் தாண்டிப் போகவும் முடியவில்லை. அப்புறம் அந்தப் பெரிய இழுப்பு வந்தது. உடம்பு குலுங்கியது. கையிரண்டையும் தூக்கிப் போட்டது. தொண்டையிலிருந்து ஒரு உறுமல்.

"சாமியே சரணம் அய்யப்பா" என்று ஒருத்தர் கத்தினார். ஹால் முழுக்கத் திருப்பிச் சொன்னது. பாட்டு இரண்டு மடங்கு வேகம் எடுத்தது. குருசாமி எழுந்து வந்து அவர் நெற்றியில் திருநீறு பூசி, காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எங்கள் குருசாமி நல்ல மனுஷர், வயரிங் வேலை செய்கிறவர், என் கணவரைவிட வயதில் சின்னவர். அவரே காலைத் தொட்டதும் மற்றவர்கள் வரிசை கட்டிவிட்டார்கள். என் நாத்தனார் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் போய், மகளுக்கு வரன் எப்போது அமையும் என்று அருள்வாக்குக் கேட்டாள். பாதி முழிப்பில் இருந்த இவர் "அமையும்" என்றார். தூக்கக் கலக்கத்தில் யார் எதைக் கேட்டாலும் அவர் சரி என்பார், அது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

கெட்ட நேரம், அந்தப் பெண்ணுக்கு அடுத்த வாரமே வரன் அமைந்துவிட்டது.

அவ்வளவுதான். இலஞ்சியில் பஜனை, செங்கோட்டையில் பஜனை, எங்கே நடந்தாலும் அவரைக் கூப்பிட்டு விளக்குக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். ராத்திரித் தூக்கம் இல்லாத உடம்பு, புகையும் சூடும் பட்டால் சொக்காமல் என்ன செய்யும்? ஒவ்வொரு இடத்திலும் சாமி வந்தது. வீட்டுக்கு வந்ததும் நான் சொன்னேன், நீங்கள் தூங்குகிறீர்கள் என்று. அவர் சத்தியம் செய்தார். தூங்கவே இல்லை, பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது, நடுவில் எங்கேயோ போய்விட்டு நெஞ்சு படபடக்கத் திரும்பி வந்தேன், அவ்வளவுதான் தெரியும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் இந்த வியாதியின் கொடுமை. நோயாளிக்குத் தன் நோய் தெரியாது. அவருக்கு நெஞ்சு படபடத்தது நிஜம், எங்கேயோ போய்விட்டு வந்தது நிஜம். எங்கே போய்விட்டு வந்தார் என்று எனக்குத்தான் தெரியும். எனக்குப் பயமாகவும் இருந்தது, அவர் மேல் ஆத்திரமாகவும் இருந்தது. அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. பட்டாளத்திலிருந்து வந்த பிறகு அவரை யாரும் அப்படி மதித்ததில்லை.

குருசாமியிடம் ஒரு நாள் தனியாகப் போய்ச் சொன்னேன். காரைப் பற்றியும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மதினி, அருள் வந்த உடம்பு. ஒண்ணும் ஆவாது" என்றார். அதற்குள் மற்றச் சாமிகள் என் கணவரின் காரில் இடம் பிடிக்கப் போட்டி போட ஆரம்பித்திருந்தார்கள்.

கட்டு நிறைக்கிற நாள் வந்தது. இருமுடிக்குள் நெய்த் தேங்காய் வைத்து, வீட்டு ஆட்கள் ஆளுக்கொரு கை அரிசி போட்டு, முடிந்து தலையில் ஏற்றி அனுப்புவார்கள். அந்த வருஷம் எல்லோருக்கும் எங்கள் வீட்டில் வைத்தே கட்டு நிறைப்பது என்று முடிவாகியிருந்தது. காலையிலேயே வாசலில் வேன் வந்து நின்றது. அதன் பின்னால் எங்கள் கார், பானெட்டில் மாலை போட்டு, சந்தனம் வைத்து. அவர் விடியற்காலையில் அருவியில் குளித்துவிட்டு வந்து, தன் முறைக்காக உட்கார்ந்திருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்து, கணுக்கால் வீங்கியிருந்தது. ஒவ்வொருவராகக் கட்டு நிறைந்துகொண்டிருந்தது. சரணம் விளி ஓயவில்லை.

அவர் முறை வந்தபோது நான் இரண்டு கையிலும் அரிசியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போனேன். அவர் தலை பின்னால் சாய்ந்திருந்தது. மூச்சு நின்றிருந்தது. இழுப்பு வந்தது, உடம்பு குலுங்கியது. எல்லோரும் கையைத் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு சரணம் சொன்னார்கள். கண் திறக்காமலே அவர் மறுபடி சாய்ந்தார், குறட்டை தொடங்கியது. வாசலில் கார் நின்றது. கார் சாவி அவர் இடுப்பில் துண்டு முடிச்சில் தெரிந்தது.

நான் அரிசியைத் திரும்பத் தாம்பாளத்தில் போட்டேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையை அவர் தாடைக்குக் கீழே கொடுத்து மேலே தூக்கினேன். மாலை போட்ட சாமியைப் பெண்டாட்டி தொட்டாள் என்று நாலு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். குறட்டை அடங்கியது. மூச்சு சத்தமே இல்லாமல் போய் வந்தது. விளக்குக்கு முன்னால் ஒரு மனுஷர் என் கையில் தாடையை வைத்துக்கொண்டு சும்மா தூங்கினார். எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூங்கினார். ஒவ்வொருவராகப் பாட்டை நிறுத்தினார்கள்.

"இது சாமி வரல" என்றேன். "அவுகளுக்கு உறக்கத்துல மூச்சு நிக்கு. நம்பலைன்னா பாருங்க."

கையை எடுத்தேன். தாடை கீழே தொங்கியது. குறட்டை தொடங்கி, ஏறி, அறுந்தது. இப்போது ஹாலில் யாரும் சரணம் சொல்லவில்லை. எல்லோரும் அவர் நெஞ்சையே பார்த்தார்கள். நெஞ்சு இழுக்கிறது, வயிறு உள்ளே போகிறது, காற்று மட்டும் இல்லை. ஃபேன் சத்தம் கேட்டது. இத்தனை வருஷம் நான் ஒருத்தி மட்டும் உட்கார்ந்து கேட்ட அந்த அமைதியை அன்றைக்கு ஒரு ஹாலே உட்கார்ந்து கேட்டது. என் நாத்தனாரால் பொறுக்க முடியவில்லை. "மூச்சு வரலியே மதினி, என்னமாவது செய்ங்களேன்" என்று அழுதுவிட்டாள். நான் மறுபடி தாடையைத் தூக்கினேன். மூச்சு வந்தது. இந்தத் தடவை நான் கையை எடுக்கவில்லை. குருசாமி கையில் திருநீற்றுத் தட்டோடு நின்றுகொண்டே இருந்தார். ரொம்ப நேரம் அப்படியே போயிற்று. என் கை நடுங்க ஆரம்பித்தது. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டேன்.

அவராகவே கண் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். ஒருத்தரும் கை கூப்பவில்லை. குருசாமி குனிந்து, தணிந்த குரலில், "சாமி, கார் சாவிய இங்கன குடுத்துருங்க. நீங்க வேன்ல என் பக்கத்துல வாங்க" என்றார். அவர் முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் அரிசியை எடுத்து இருமுடியில் போட்டேன். வாசலில் தேங்காய் உடைத்துவிட்டு வேனில் ஏறினார். மலைக்குக் கிளம்புகிறவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. அவர் திரும்பிப் பார்க்காதது விரதத்தாலா, என் மேல் வெறுப்பாலா என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை. கார் வாசலிலேயே நின்றது, மாலையோடு. நான் பாத்திரங்களைக்கூட ஒதுக்காமல் உள்ளே போய்ப் படுத்தேன். பகலெல்லாம் தூங்கினேன்.

மலையிலிருந்து திரும்பியதும் குருசாமி வந்து மாலையைக் கழற்றிவிட்டார். மருந்து விரதத்துக்கு ஆகாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை என்று இவரிடம் வேனிலேயே சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னார். சொல்லும்போது குருசாமிக்கே முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் கணவர் என்னோடு பேசவில்லை. அரவணையும் அப்பமும் இருந்த பையை அடுக்களையில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விட்டார். ஊரில் சிரிப்பார்கள் என்ற பயம் அவருக்கு இருந்தது. கொஞ்சம் சிரித்தார்கள்தான். நான் சமாதானம் சொல்லப் போகவில்லை. நான் செய்ததில் தப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை, இன்றைக்கும் தோன்றவில்லை.

அன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவராகவே நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்த பையை இறக்கினார். மெஷினைத் துடைத்து, காற்று வறளாமலிருக்க அதன் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, கட்டில் பக்கத்தில் வைத்து, குழாயை மாட்டினார். முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

"அன்னிக்கி ரெண்டாவது தடவ நீ தாடையப் பிடிச்சதுமே எனக்கு முழிப்பு வந்துட்டு" என்றார்.

நான் திரும்பினேன். பிறகு ஏன் கண்ணைத் திறக்கவில்லை என்று கேட்டேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், எந்த முகத்தோடு திறப்பது என்றார். கொஞ்ச நேரம் முகமூடியின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார்.

"உன் கை நடுங்குனது தெரிஞ்சுது" என்றார். "ராத்திரியெல்லாம் அப்படித்தான் பிடிச்சுக்கிட்டு இருந்தியாட்டி? இத்தன வருசமும்?"

ஆமா என்றேன்.

"கை வலிக்காதா?"

"வலிக்கும்" என்றேன்.